வீட்டு வேனுக்கு எத்தனை அம்பியர்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மீற்றர் பெட்டியைப் பற்றி எழுதி முடிக்கும்போது, "கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே வைத்த வேன் ஒன்று போன கிழமை திருகோணமலை உவர்மலையில் என் பட்டறை வாசலில் நின்றது, அதன் கதை பிறகு" என்று ஒரு வரி விட்டிருந்தேன். மீற்றர் பெட்டியை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை, அந்த வரிக்குத்தான் கடிதங்கள் வந்திருக்கின்றன. மோட்டார் ஹோம் என்கிறார்கள், கரவன் என்கிறார்கள், கேம்பர் என்கிறார்கள். நான் வீட்டு வேன் என்றே எழுதுகிறேன். வீட்டில் வருகிற கரைச்சல் எல்லாம் அதிலும் வரும். அதோடு ஊருக்கு ஊர் அடுத்தவர் வளவில் கறண்ட் கொழுவுகிற கரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

நிலாவெளியில் சின்ன விடுதி வைத்திருக்கிறேன். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை இப்படியான வேன்களில் வருபவர்கள் வளவில் நிறுத்தக் கேட்கிறார்கள். வராந்தாவில் உள்ள 13 அம்பியர் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுக் கொடுக்கிறேன். பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை. இரவில் வேனின் ஏசி தொடங்குகிறது, உறுமுகிறது, நிற்கிறது. மின்சார சபையில் முறையிடலாமா? வயரும் கொஞ்சம் சுடுகிறது.
– விடுதி உரிமையாளர், நிலாவெளி

வயர் சுடுகிறது என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

கடிதம் கண்டதும் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தேன். நீங்கள் கொழும்பில் நின்றீர்கள், உங்கள் தம்பிதான் காட்டினார். தென்னைக்குக் கீழே சிவப்பு ரீல் ஒன்று கிடந்தது. 40 மீற்றர் வயரில் பத்து மீற்றர்தான் வெளியே, மிச்சம் முப்பதும் ரீலில் சுற்றினபடி. அதன்மேல் யாரோ ஈரத் துவாயைக் காயப் போட்டிருந்தார்கள். துவாயை எடுத்துவிட்டுக் கையை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கின பிட்டுப் பானை மாதிரி இருந்தது. வராந்தா பிளக்கைக் கழற்றினால், பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாள் சுருட்டி வைத்திருந்தது. யார் வைத்தது என்று தம்பியிடம் கேட்டேன். அவர் கடலைப் பார்த்தார்.

மாலை ஏழரைக்கு மீற்றரை வைத்தேன். வராந்தா பிளக்கில் 218 வோல்ற். ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில் ஊர் முழுக்க விளக்கும் ஃபேனும் ஓடுகிற நேரத்தில் அது மோசமான அளவு இல்லை. ஆகவே மின்சார சபையை விட்டுவிடுங்கள். வேன் பக்கத்து நுனியில் 200. நடுவில் போன 18 வோல்ற்றும் உங்கள் ரீலுக்குள்தான் போயிருக்கிறது.

கணக்கு இதுதான். வேன் அப்போது இழுத்தது 11 அம்பியர்: ஏசி 5, ரைஸ் குக்கர் 3, பற்றரி சார்ஜர் 2, ஃபிரிட்ஜ் 1. உங்கள் வயர் ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு. 40 மீற்றர் போக, 40 மீற்றர் வர, மொத்தம் 80 மீற்றர், தடை ஒன்றரை ஓமுக்குச் சற்று மேல். அதை 11 ஆல் பெருக்கினால் 17, 18 வோல்ற் வரும். அந்த 18 ஐ மறுபடி 11 ஆல் பெருக்கினால் 200 வாற் அளவில் சூடு. பழைய நூறு வாற் பல்ப் இரண்டைத் துவாய்க்குக் கீழே எரிய வைத்த மாதிரி. நீட்டிப் போட்டிருந்தால் அந்தச் சூடு காற்றில் போயிருக்கும். சுற்றி வைத்தால் ஒரு சுற்று அடுத்த சுற்றை அவிக்கும்.

ஏசி உறுமி நிற்பதற்கும் காரணம் இதேதான். கம்ப்ரஸர் தொடங்குகிற நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். வயரில் இழக்கிற வோல்ற்றும் அந்த நொடியில் அதே அளவு பெருகும். 200 இல் நிற்கிறது இன்னும் கீழே விழும், மோட்டார் சுற்றாமல் உறுமும், பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்தும். சில நிமிடம் ஆறி, திரும்பவும் அதே கூத்து. இப்படி ஒரு பருவம் ஓடினால் கம்ப்ரஸர் போய்விடும், வேன்காரர் உங்களைத்தான் திட்டுவார்.

செய்ய வேண்டியது: ரீலைத் தூக்கி எறியுங்கள். போர்டிலிருந்து தனி லைன் ஒன்று, 16 அம்பியர் பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கசிவு கண்டதும் கறண்டை வெட்டுவது), நான்கு சதுர மில்லிமீற்றர் வயர் குழாய்க்குள், தென்னையடியில் பிளக் கொழுவ மழை படாத மூடியுள்ள பேஸ். கரவன்களுக்கென்று வெளிநாட்டில் பாவிக்கிற நீல நிற மூன்று பின் பேஸ் வைத்தால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நேரே பொருந்தும். அங்கிருந்து வேனுக்குப் பத்து மீற்றர் வயர் போதும், அதுவும் 2.5 க்குக் குறையாமல்.

இன்னொன்று. உங்கள் விடுதிக்கு வந்திருப்பது 30 அம்பியர் லைன், 230 வோல்ற்றால் பெருக்கினால் முழுதுக்கும் 6900 வாற். இரண்டு அறை ஏசி, தண்ணீர் மோட்டார், சமையலறைக் கேத்தில் எல்லாம் அதற்குள். ஒரு வேனைத் தாங்கும். போன மாதம் போல மூன்று வேனை நிறுத்திவிட்டு மெயின் விழுகிறது என்று எழுதாதீர்கள். வருகிறவர் "கறண்ட் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு, பத்து அம்பியர் தரலாம்" என்று சொல்லப் பழகுங்கள்.

ஐயா, நான் பிறந்தது திருகோணமலை, இப்போது கனடாவில் ஸ்காபரோ. ஊரில் எங்கள் வீட்டு லைன் 30 அம்பியர். வீடு முழுக்க அதில்தான் ஓடியது. இங்கே கோடை விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோமுக்கும் 30 அம்பியர் என்றார்கள். ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாகப் போட்டதும் பிரேக்கர் விழுகிறது. பிழையான வாகனம் தந்துவிட்டார்களா?
– வாசகி, ஸ்காபரோ

வாகனம் பிழையில்லை, மகள். 30 என்ற எண் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருப்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. இங்கே 30 அம்பியரை 230 வோல்ற்றால் பெருக்க வேண்டும், 6900 வாற். அங்கே 120 ஆல் பெருக்க வேண்டும், 3600 தான். ஊர் வீட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த 3600 எப்படிப் போகிறது என்று பாருங்கள். கூரை ஏசி 13 அம்பியர் மட்டில். மைக்ரோவேவின் முகப்பில் 1000 வாற் என்று இருக்கும், அது சாப்பாட்டுக்குள் போகிற சூடு. சுவரிலிருந்து இழுப்பது 1500 க்குக் கிட்ட, அதாவது 12, 13 அம்பியர். இரண்டும் சேர்ந்து 26. மிச்சத்தை யாரும் கண்ணால் காண்பதில்லை: பற்றரி சார்ஜர் பற்றரி இறங்கியிருந்தால் ஐந்து, ஆறு இழுக்கும், சுடுதண்ணீர்த் தாங்கி கறண்டில் விட்டிருந்தால் தனியே 12. தாங்கியைக் காஸுக்கு மாற்றுங்கள். மைக்ரோவேவ் ஓடும் நாலு நிமிடமும் ஏசியை நிறுத்துங்கள். என் மனைவி இங்கே தண்ணீர் மோட்டார் போடும்போது ஐயன் பொக்ஸை நிறுத்துவது மாதிரித்தான்.

50 அம்பியர் இடம் கிடைத்தால் நல்லதா என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே 50 என்பது இரண்டு கம்பியில் தனித்தனி ஐம்பது, மொத்தம் 12,000 வாற். ஆனால் உங்கள் 30 அம்பியர் வாகனத்தை மாற்றுப் பிளக் போட்டு அதில் கொழுவினாலும் உங்களுக்கு வருவது அதே 3600 தான். அண்ணன் வீட்டு முற்றத்தில் நிறுத்திச் சாதாரண 15 அம்பியர் பிளக்கில் கொழுவினால் 1800. நீண்ட நேரம் ஓடவிட்டால் அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் போகாதீர்கள். உங்கள் 13 அம்பியர் ஏசியே அந்த அளவைச் சற்றுத் தாண்டும், கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிடலாம், அதோடு வேறொன்றும் ஓடாது.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். அண்ணன் உற்சாகத்தில் முற்றத்தில் 30 அம்பியர் பேஸ் பூட்டப் போனால், வேலைக்கு வருகிறவரிடம் "இது 120 வோல்ற்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று பின், 30 அம்பியர் என்று கேட்டதும் துணி காயவைக்கும் மெஷினுக்கான 240 வோல்ற் லைன் என்று நினைத்து வயர் கொடுத்துவிடுவது அந்நாட்டில் அடிக்கடி நடக்கிற பிழை. பின்கள் அப்படி ஒத்திருக்கும். கொழுவின நொடியில் மைக்ரோவேவ், சார்ஜர், டிவி எல்லாம் போய்விடும். வாகனத்தைக் கொழுவ முன் மீற்றர் வைத்துப் பாருங்கள்.

எங்கள் பழைய வேனை நானும் கணவரும் வீட்டு வேனாக மாற்றியிருக்கிறோம். மழை விட்ட பிறகு வெளியே நின்று கதவுக் கைபிடியைத் தொட்டால் சுர் என்கிறது. அவர் உள்ளே இருந்து தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை, உனக்கு மனப்பிரமை என்கிறார்.
– வாசகி, உப்புவெளி

தங்கச்சி, முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

நீங்கள் இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அவர் கறண்ட் கம்பியில் இருக்கிற காகம். வேனின் தகடு முழுக்க ஒரே வோல்ற்றில் நிற்கிறது, அவரும் அதற்குள் நிற்கிறார், அவர் உடம்பு வழியாக ஓட இடமில்லை. நீங்கள் ஈர மண்ணில் ஒரு கால், தகட்டில் ஒரு கை. ஓடுகிற வழியே நீங்கள்தான்.

வேன் நாலு ரப்பர் சக்கரத்தில் நிற்கிறது. உள்ளே எங்கேயோ ஒரு கசிவு தகட்டில் படுகிறது. சார்ஜரிலோ ஃபிரிட்ஜிலோ ஈரம் இறங்கின இணைப்பிலோ இருக்கலாம். எர்த் வயர் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு அதன்வழி போய் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும். விழவில்லை. ஆகவே எர்த் எங்கேயோ அறுந்திருக்கிறது. நான் பந்தயம் பிடிப்பது பிளக்கில். சதுரப் பின், உருண்டைப் பின், இரண்டு பின் எல்லாம் போகிற மல்ட்டி பிளக் ஒன்று நடுவில் இருக்கிறதா? அல்லது நம் ஊர் வித்தை, எர்த் ஓட்டைக்குள் பேனை மூடியைக் குத்தி, இரண்டு பின் பிளக்கைத் தள்ளுகிறது? இரண்டிலும் வெளிச்சம் வரும், ஃபேன் சுற்றும், எர்த் மட்டும் வராது. வேலை செய்கிறதே என்று எல்லாரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

"வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, பயமில்லை" என்று கணவர் சொல்வார். இருக்கட்டும். எர்த் இல்லாத வேனில் அந்த சுவிட்ச்சுக்குக் கசிவு தெரிய வருவதே அது உங்கள் உடம்பு வழியாக ஓடத் தொடங்கிய பிறகுதான். சுவிட்ச்சில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். ஆனால் அது சுவிட்ச்சைத்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது.

இதை ஏன் இவ்வளவு இழுத்து எழுதுகிறேன் என்றால், வயறிங் பழகின காலத்தில் ஐஸ்கிரீம் வண்டி ஒன்றில் இதே சுர்ரை "சும்மா கசிவு" என்று சொன்ன முட்டாள் நான். அடுத்த நாள் அதே வண்டிக் கதவில் என் கை ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்றவர் ஓடிப்போய் மெயினை விழுத்தியதால் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

சரியான ஆளை வைத்து, வேன் தகட்டிலிருந்து பிளக்கின் எர்த் பின் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று மீற்றரில் பாருங்கள். வீட்டு எர்த் றொட்டையும் பாருங்கள். நம் கரையோர மணல் கச்சான் அடிக்கிற மாதங்களில் சாம்பல் மாதிரிக் காய்ந்துவிடும், ஆழமாக இறக்காத றொட் பேருக்குத்தான் எர்த். வேனுக்குள்ளேயும் தனியாக ஒரு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பூட்டுங்கள். அடுத்தவர் வளவில் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

லண்டனிலிருந்து பிரான்சுக்கு வேனில் போனோம். முகாம் இடத்தில் தேத்தண்ணிக்குக் கேத்தில் போட்டதும் எங்கள் இடத்துக் கறண்ட் முழுக்கப் போய்விட்டது. இரண்டு முறை அலுவலகத்துக்கு நடந்து மன்னிப்புக் கேட்டோம்.
– வாசகர், லண்டன்

6 அம்பியர் இடத்துக்குக் காசு கட்டியிருப்பீர்கள். 230 ஆல் பெருக்கினால் 1380 வாற். லண்டன் வீட்டுக் கேத்தில் 3000. காஸில் வையுங்கள், அல்லது ஆயிரத்துக்குக் குறைந்த பயணக் கேத்தில் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் கொதிக்க மூன்று மடங்கு நேரம் எடுக்கும், விடுமுறைதானே.

யப்பானிலிருந்து வந்த பழைய கேம்பர் வாங்கினேன். வெளிப்பக்கத்தில் கறண்ட் கொழுவுகிற வாய் இருந்தது. பிளக்கை மாற்றி வீட்டில் கொழுவினோம். 'டப்' என்றது, புகை வந்தது. விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை.
– வாசகர், சீனக்குடா

போன இதழில் நான் சொன்ன வேன் உங்களுடையதுதான், இப்போது எல்லாருக்கும் தெரியட்டும். யப்பானில் வீட்டுக் கறண்ட் 100 வோல்ற். நீங்கள் கொடுத்தது 230. இரண்டே கால் மடங்குதானே என்று நினைக்க வேண்டாம். சூடாக்குகிற கம்பி ஒன்றில் வோல்ற் 2.3 மடங்கானால் வாற் ஐந்து மடங்குக்கு மேல் போகும். உங்கள் சார்ஜர் செத்தது அதனால்தான். 12 வோல்ற் பக்கம், அதாவது விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபேன் எல்லாம் தப்பியிருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

இனி இரண்டு வழி. ஒன்று, 230 ஐ 100 ஆக இறக்குகிற ட்ரான்ஸ்போமர். அந்த வாய் 15 அம்பியருக்கு உரியது, 1500 வாற், ஆகவே 2000 விஏக்கு (வோல்ற்-அம்பியர்) குறையாத பெட்டி வேண்டும். கனமும் இருக்கும், சூடும் வரும், உள்ளே வைத்தால் காற்றோட்டமும் வேண்டும். இரண்டாவது, செத்த சார்ஜரைக் கழற்றி 230 வோல்ற் சார்ஜர் ஒன்று போட்டு, 100 வோல்ற் சாமான்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுவது. என் வாக்கு இரண்டாவதற்கு.

மைக்ரோவேவ் மட்டும் வேண்டும் என்று உங்கள் மகன் கேட்டார். பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தேன், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருக்கிறது, அதாவது கறண்ட் நொடிக்கு அறுபது முறை அலைய வேண்டும். யப்பானில் தோக்கியோப் பக்கம் 50, ஒசாக்காப் பக்கம் 60. இது மேற்கிலிருந்து வந்தது. நமக்கு 50. ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. மைக்ரோவேவுக்குள்ளே இருக்கிற பெரிய சுருள் அளவுக்கு மேல் சூடாகும். தம்பியிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

நண்பர்கள் நாலு பேர் இரவில் கடற்கரையோரம் வேனை நிறுத்துவோம். 100 அம்பியர்-அவர் பற்றரி, அதன் 12 வோல்ற்றை 230 ஆக்குகிற 1000 வாற் இன்வேட்டர். 700 வாற் ரைஸ் குக்கர் போட்டால் கொஞ்ச நேரத்தில் இன்வேட்டர் கத்தி நிற்கிறது. சோறு அரை அவியல். இன்வேட்டர் பழுதா?
– வாசகர், குச்சவெளி

வயர் எவ்வளவு தடிப்பு என்று நான் போனில் கேட்டேன், "வீட்டு வயறிங் வயர்தான், ஆறு" என்றீர்கள். அங்கேதான் பிழை. 700 வாற் 230 இல் மூன்று அம்பியர். அதையே 12 வோல்ற்றிலிருந்து எடுத்தால், இன்வேட்டர் தின்கிறதையும் சேர்த்து, 65 அம்பியர். பற்றரி முன்னுக்கு, இன்வேட்டர் மூன்று மீற்றர் பின்னுக்கு. போக வர ஆறு மீற்றர். ஆறு சதுர மில்லிமீற்றர் வயரில் ஒரு வோல்ற்றுக்கு மேல் போய்விடும். 230 இல் ஒரு வோல்ற் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டில் ஒன்று போனால், பற்றரியும் பாரத்தில் கொஞ்சம் இறங்க, இன்வேட்டருக்குப் பத்தரைதான் கிடைக்கிறது. பற்றரி முடிந்துவிட்டது என்று நினைத்து அது கத்துகிறது. இன்வேட்டரைப் பற்றரிக்கு ஒரு மீற்றருக்குள் கொண்டு வாருங்கள், 25 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள், பற்றரி முனைக்குப் பக்கத்திலேயே 100 அம்பியர் பியூஸ் ஒன்று வையுங்கள். வெள்ளித்தாள் இல்லை.

அப்படிச் செய்தாலும் ஈயப் பற்றரியில் சோறு ஆக்குவதை நான் விரும்பமாட்டேன். 100 என்று எழுதியிருப்பது ஐந்து அம்பியர் வீதம் இருபது மணித்தியாலம் மெதுவாக எடுத்தால். 65 வீதம் பிடுங்கினால் அவ்வளவு தராது. பாதிக்குக் கீழே இறக்கி இறக்கி எடுத்தால் சீக்கிரம் செத்தும் போகும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் வெட்டின நாட்களில் எத்தனை பேர் இப்படி நல்ல பற்றரிகளைத் தின்றுவிட்டு என் பட்டறைக்குத் தூக்கி வந்தார்கள் தெரியுமா. சோற்றைக் காஸில் வையுங்கள். 12 வோல்ற் ஃபேன் ஒன்று 2 அம்பியர், எட்டு மணித்தியாலத்துக்கு 16 அம்பியர்-அவர். எல்இடி விளக்குகள் நாலு மணித்தியாலத்துக்கு 4. நாலு பேரின் போன் எல்லாம் சேர்த்தாலும் 25, 30 க்குள் இரவு போய்விடும்.

இரவில் செலவான அதை 100 வாற் சோலார் தட்டு ஒன்று நம் வெயிலில் ஒரு நல்ல பகலில் திருப்பி ஏற்றிவிடும், 400 வாற்-மணித்தியாலம் மட்டில் தரும். ஆனால் வேப்பமர நிழலில் வேனை நிறுத்திவிட்டு, சோலார் வேலை செய்யவில்லை என்று அடுத்த கடிதம் போட வேண்டாம்.